பாடசாலைக் கட்டடங்களும் உருக்குச் சட்டகமும்

உடம்பைத் தாங்கி நிறுத்துவது என்பு. அதனைப் போர்த்துக் காப்பது தோல். தோல் எத்துணை அழகியதாயினும் நிமிர்ந்து நிற்கும் ஆற்றலை அஃது அளிப்பதில்லை. கட்டடங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். எனினும், ஒரு கட்டடத்தைக் காணும் நாம் அதன் முகப்பையும் வண்ணத்தையும் வியக்கிறோமேயன்றி, அதன் பாரத்தைச் சுமப்பது யாது என வினவுவதில்லை. கல்லூரியொன்று விழாக் கொண்டாடும்போது பழைய மாணவர் ஒன்றுகூடுவதும், கூடியவிடத்துப் புதிய கட்டடம் ஒன்று வேண்டுமெனத் தீர்மானிப்பதும் யாழ்ப்பாணத்தில் வழிவழி வந்த நல்வழக்கம். அத்தீர்மானத்தை நிறைவேற்றுமுன் எழவேண்டிய வினா ஒன்றுண்டு. அக்கட்டடத்தின் என்பு எதனாற் செய்யப்படவேண்டும்? கல்லாலா, கொங்கிறீற்றாலா, உருக்காலா? உருக்குச் சட்டகத்தாற் பாடசாலைக்கு விளையும் நன்மைகளையும், அதனைக் கைக்கொள்வோர் ஏற்கவேண்டிய பொறுப்புக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

நம் பாடசாலைகள் பெரும்பாலும் மாளிகைகளிற் பிறந்தவையல்ல. திண்ணையிலும் மடத்திலும் ஓலைக் கொட்டகையிலும் பிறந்தவை. 1848இல் வண்ணார்பண்ணையிலே ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். அதன் பின்னர் ஊர்தோறும் சைவப் பாடசாலைகள் எழுந்தன. 1923இல் தோன்றிய சைவ வித்தியாவிருத்திச் சங்கம் அம்முயற்சியை மேலும் விரித்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் உதவிநன்கொடை பெற்றுவந்த பாடசாலைகள் பல அரசாங்கத்தின் பொறுப்பாயின. இக்காலங்களிலெல்லாம் பிள்ளைகளின் தொகை முந்திச் சென்றது. கட்டடம் பிந்தியே வந்தது. ஆகவே, ஒரு மண்டபத்தைத் தட்டிகளால் மறைத்து நான்கு வகுப்புக்கள் நடத்துவதும், பண்டங்கள் வைக்கக் கட்டிய அறையை ஆய்வுகூடமாக்குவதும் நம்மவர்க்குப் பழகிப்போயின. முன்னே ஒருவகுப்பில் ஒளவையாரும் பின்னே மறுவகுப்பில் அட்சரகணிதமும் ஒருங்கே காதில் விழப் படித்த நாட்களைப் பழைய மாணவர் பலர் மறந்திரார்.

இவ்விடர்ப்பாட்டிற்கு இடம் போதாமை மாத்திரம் காரணமன்று. இருக்கும் இடத்தை வேண்டியவாறு மாற்ற இயலாமையும் ஒரு காரணம். வெள்ளைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய பழைய கட்டடங்களிலே சுவர்தான் கூரையைச் சுமக்கிறது. இரண்டு அறைகளை ஒன்றாக்க வேண்டின், நடுச்சுவரை அகற்றுதல் கூரைக்கே கேடாகும். பெரிய யன்னல் ஒன்று வைப்பினும் சுவரின் வலி குன்றும். சுவரே சுமையாளாகவும் மறைப்பாகவும் இருப்பதனால், ஒன்றை மாற்ற மற்றொன்று இடந்தராது.

சட்டகக் கட்டடம் இவ்விரு தொழில்களையும் பிரித்து வைக்கின்றது. தூண்களும் அவற்றை இணைக்கும் வளைகளும் பாரத்தை ஏற்று அத்திவாரத்துக்கு அனுப்புகின்றன. சுவர் வெயிலையும் மழையையும் மறைப்பதோடு அமைகின்றது. இது நமக்குப் புதுமையன்று. பனங்கப்புக்களை நாட்டி, அவற்றின்மேல் வளையேற்றி, சிலாகை பரப்பி ஓலைவேயும் நம் கொட்டில்களும் சட்டகக் கட்டடங்களே. அவற்றின் மண்சுவர் கரைந்தாலும் கூரை விழுவதில்லை. பாடசாலைகளில் அரைச்சுவர் எழுப்பி, மேற்பாதியைக் காற்றுக்குத் திறந்துவிட்ட மண்டபங்களும் இம்முறையைத் தழுவியவையே. நம் முன்னோர் மரத்தாற் செய்ததனை உருக்காற் செய்தல் ஒன்றே ஈண்டு வேறுபாடு.

உருக்கின் சிறப்பு யாது? கட்டடங்களுக்குப் பயன்படும் சாதாரண உருக்கு, ஒரு சதுர மில்லிமீற்றர்ப் பரப்பில் ஏறத்தாழ 25 கிலோகிராம் பாரத்தை நிலையாக உருமாறாது தாங்கவல்லது. சாதாரணக் கொங்கிறீற்று அதே பரப்பில் நெருக்கத்திற்கு ஏறத்தாழ 2 கிலோகிராமையே தாங்கும். இழுவைக்கோ அதிலும் பத்திலொரு பங்குதான். உருக்கின் நிறை கொங்கிறீற்றின் நிறையிலும் மூன்று மடங்குக்குச் சற்றே மேற்பட்டது. வலிமையோ பன்னிரு மடங்கு. ஆகவே சிறிய தூணும் மெல்லிய வளையும் பெரும்பாரத்தைச் சுமக்கின்றன. நெருக்கத்தையும் இழுவையையும் ஒருங்கே தாங்குவதனால், நீண்ட தூரத்தை இடையிலே தூணின்றிக் கடத்தலும் எளிதாகின்றது.

1856இல் பெசமர் என்பார் உருக்கை மலிவாக ஆக்கும் முறையை வெளியிட்டபின் கட்டடக் கலையில் இதன் ஆட்சி தொடங்கிற்று. 1885இல் சிக்காகோ நகரில் எழுந்த பத்து மாடிக் கட்டடமொன்று இரும்பாலும் உருக்காலுமான சட்டகத்தின்மேல் நின்றது. அதற்கு முன்பே, 1860களில், இங்கிலாந்தில் வார்த்த இரும்புச் சட்டகத்தைக் கப்பலேற்றிப் பம்பாய்க்குக் கொணர்ந்து வற்சன் விடுதியை அமைத்தனர். தொழிற்சாலையிலே செய்து, பிறிதோரிடத்திற் பொருத்தலாம் என்பதே இதன் பெரும்பயன்.

இப்பயனைப் பாடசாலைகளுக்கென ஆட்கொண்டவர் இங்கிலாந்தின் ஹேட்போட்சயர் மாகாணத்தார். இரண்டாம் உலகப் போரின் முடிவில் அங்கே பிள்ளைகள் பெருகினர். 1947இல் பாடசாலை விடும் வயதும் பதினைந்தாக உயர்த்தப்பட்டது. செங்கல் அடுக்கும் தொழிலாளருக்கும் மரத்துக்கும் பெரும்பஞ்சம் நிலவிற்று. மாகாணக் கட்டடக்கலைஞர் சாள்ஸ் அஸ்லினும் அவருடன் பணியாற்றிய இளைஞரும் 8 அடி 3 அங்குலத்தை ஓர் அளவுக்கட்டமாகக் கொண்டு, மெல்லிய உருக்குத் தூண்களும் வளைகளும் தொழிற்சாலையில் ஒரே அளவில் ஆக்கப்பட வழிசெய்தனர். உறுப்புக்கள் ஒன்றே, ஆயினும் அவற்றைச் சேர்க்கும் வகையால் ஒவ்வொரு பாடசாலையும் தன் நிலத்துக்கும் தேவைக்கும் ஏற்ற வடிவம் பெற்றது. ஏறத்தாழப் பத்தாண்டுக்குள் நூறு பாடசாலைகள் அம்மாகாணத்தில் எழுந்தன.

இதனினும் நாம் கூர்ந்து நோக்கத்தக்கது நொட்டிங்காம்சயரில் நிகழ்ந்தது. அம்மாகாணத்தின் நிலத்தடியே நிலக்கரிச் சுரங்கங்கள் ஓடின. சுரங்கம் தாழுந்தோறும் மேல்நிலமும் தாழ்ந்தது. கல்லாலும் செங்கல்லாலும் கட்டியவை வெடித்தன. டொனால்ட் கிப்சனின் தலைமையிற் பணியாற்றியவர்கள், மூட்டுக்கள் சற்றே அசைந்து கொடுக்கும் உருக்குச் சட்டகத்தையும், நிலத்தோடு சேர்ந்து வளையும் மெல்லிய அத்திவாரத் தட்டையும் வகுத்தனர். 1957இல் பல உள்ளூராட்சி மன்றங்கள் ஒன்றுசேர்ந்து இம்முறையைப் பொதுமையாக்கின. 1960இல் மிலான் நகரக் கண்காட்சியில் இம்முறையில் அமைந்த பாடசாலையொன்று தலைப்பரிசு பெற்றது.

நொட்டிங்காமின் நிலத்துக்கும் நம் நிலத்துக்கும் ஓர் ஒப்புமை உண்டு. உரும்பிராயின் செம்மண் வளத்தை யாவரும் அறிவர். அம்மண்ணின் கீழே சுண்ணாம்புக் கற்பாறை கிடப்பதையும் கிணறு வெட்டியோர் அறிவர். அப்பாறை வன்மையுடையதாயினும், நீர் அரித்த குகைகளை ஆங்காங்கே தன்னுட் கொண்டது. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு அத்தகைய குகையின் மேற்கூரை இடிந்ததனால் உண்டாயதென நிலவியலார் கூறுவர். ஐந்தங்குலத் தடிப்புள்ள கொங்கிறீற்றுத் தட்டு ஒரு சதுர மீற்றருக்கு 300 கிலோகிராம் நிறையுடையது. ஓட்டுக்கூரையின் ஓடுகள் ஏறத்தாழ 50 கிலோகிராம். தகடு 5 கிலோகிராம். பாரங் குறைந்த கட்டடம் இத்தகைய நிலத்தை அதிகம் வருத்தாது. அத்திவாரம் வெட்டுமுன் அலவாங்காலும் துளைகருவியாலும் பாறையைச் சோதிக்கும் கடமை இதனால் நீங்கிவிடாது என்பதையும் உடன் கூறல் வேண்டும்.

பாடசாலைக்கு உருக்குச் சட்டகம் தரும் நன்மைகளுள் முதன்மையானது காலம். கொங்கிறீற்று தன் முழு வலிமையை அடைய 28 நாட்கள் வேண்டும். தட்டுக்களின் முட்டுக்களும் பலகைகளும் இரண்டு மூன்று கிழமைகள் நிற்றல் வேண்டும். உருக்கு வேலையிலோ, வளவில் அத்திவாரம் இடும்போதே பட்டறையில் தூணும் வளையும் அறுத்துத் துளையிட்டு ஆயத்தமாகலாம். 100 அடி நீளமும் 25 அடி அகலமும் உள்ள ஒரு மாடிக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டரை அடிக்கு ஒன்றாக ஒன்பது சட்டங்கள் போதும். அவற்றை மரையாணி கொண்டு பொருத்தி நிறுத்துதல் சில நாள் வேலையே. ஏப்பிரல், ஓகஸ்ற், டிசெம்பர் விடுமுறைகளுள் ஒன்றில் சட்டகமும் கூரையும் முடிந்துவிடின், சுவர்வேலை கூரைநிழலில் மழைக்கு அஞ்சாது நடைபெறும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் காதருகே சல்லி கலக்கும் இயந்திரம் மாதக்கணக்கில் முழங்கவேண்டியதில்லை.

இரண்டாவது நன்மை மாற்றத்திற்கு இடந்தருதல். இன்று ஆறு வகுப்பறைகளாக உள்ளவை நாளை ஆய்வுகூடமாகவோ, நூல்நிலையமாகவோ, கணினிக்கூடமாகவோ வேண்டப்படலாம். நம் ஆசிரியர் கரும்பலகையை எண்ணிக் கட்டிய அறைகளில் இன்று மின்கம்பிகள் ஓடுகின்றன. நாளை யாது வேண்டப்படும் என்பதை யாரறிவார்? இடைச்சுவர் பாரஞ்சுமவாததாயின், சட்டகத்தைத் தொடாமலே அதனை நீக்கவும் நிறுத்தவும் முடியும். கட்டடத்தை நீட்டவேண்டின், கடைசிச் சட்டத்துக்கு அப்பால் இன்னுமொரு சட்டம் நிறுத்தினாற் போதும். நாற்பது, ஐம்பது அடி அகலமுள்ள பிரார்த்தனை மண்டபத்தையும் நடுவே தூணின்றி மூடலாம். பின்வரிசைப் பிள்ளைக்கும் மேடை தெரியும்.

மூன்றாவது, நம் நாட்டுப் பொருள்களைக் காத்தல். நல்ல வைரம் பாய்ந்த பனைகள் போர்க்காலத்திற் பெருந்தொகையாய்த் தறிக்கப்பட்டன, பிறமரமோ விலையேறிக் கிடக்கின்றது, கறையானுக்கும் அஞ்சவேண்டியுள்ளது. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் மூடுண்டபின் சீமெந்தும் வெளியிலிருந்தே வருகின்றது. கல்லுக்காக அகழ்ந்த குழிகள் நிலத்தடி நன்னீருக்கு ஊறு செய்வதையும், மணற்காட்டு மேடுகளின் மணல் அள்ளப்படுவதையும் நாம் அறிவோம். உருக்கும் இறக்குமதிப் பொருளேயாயினும், கட்டடத்தின் காலம் முடிந்தபின் உருக்கி மீளவும் ஆக்கத்தக்கது. இடிந்த கொங்கிறீற்று அத்தகையதன்று.

நான்காவது நன்மையைக் கூறும்போது நெஞ்சு கனக்கின்றது. மரையாணியால் இணைத்த சட்டகத்தைக் கழற்றிப் பிறிதோரிடத்தில் மீளப் பொருத்தலாம். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்தனர். பாடசாலைகளும் பெயர்ந்தன, மரநிழல்களிலும் ஓலைக் கொட்டகைகளிலும் வகுப்புக்கள் நடந்தன. வலிகாமம் வடக்கின் பாடசாலைகள் சில பல்லாண்டு தம் சொந்த நிலத்தைக் காணாது பிறவூர்களில் இயங்கின. மீண்டும் அத்தகைய நாள் வாராதிருக்க வேண்டுவோம். ஆயினும் வெள்ளத்தாலோ வேறு இடுக்கணாலோ அவசரமாகப் பாடசாலை ஒன்று வேண்டப்படும்போது, கழற்றிப் பூட்டத்தக்க கட்டடம் எத்துணை உதவியாகும் என்பதை நம் தலைமுறையினருக்கு விளக்கவேண்டியதில்லை.

நன்மைகளைக் கூறி அமைதல் நடுநிலையன்று. உருக்குக்குப் பகைவர் நால்வர் உளர்: கறள், தீ, வெப்பம், காற்று.

இவருள் கறள் முதற்பகை. உப்புக்காற்று வீசும் குடாநாட்டில் இதனைப் புறக்கணித்தல் ஆகாது. ஆறு மில்லிமீற்றரும் அதனின் மேற்பட்டும் தடிப்புள்ள உருக்குறுப்பை உருகிய நாகத்தில் தோய்த்தெடுக்கும்போது, 0.085 மில்லிமீற்றர் நாகப்படை அதன்மேற் படிதல் வழக்கம். உப்புக் குறைந்த உள்ளூரில் அப்படை ஆண்டுக்கு 0.002 மில்லிமீற்றர் வீதம் தேயுமாயின் நாற்பது ஆண்டுகள் காக்கும். அலையின் துமி படும் கரையிலோ நான்கு மடங்கு விரைவிற் தேய்ந்து பத்தாண்டிற் போய்விடும். பருத்தித்துறைக் கரையில் உள்ள பாடசாலைக்கும் உரும்பிராயில் உள்ள பாடசாலைக்கும் ஒரே விதி கூறலாகாது என்பது இதனாற் புலப்படும். தூணின் அடி மண்ணில் புதையாது, நிலமட்டத்துக்கு மேலே உயர்த்திய கொங்கிறீற்றுப் பீடத்தில் நிற்றல் வேண்டும்; நீர் தேங்கும் மூலைகள் ஓரிடத்தும் இருத்தலாகாது.

கொங்கிறீற்றுக்கு இப்பகை இல்லையென எண்ணுவாரும் உளர். அஃது உண்மையன்று. அதனுள்ளேயும் உருக்குக் கம்பியே கிடக்கின்றது. கழுவாத கடல்மணலாற் கலந்த கொங்கிறீற்றில் உப்பு உள்ளிருந்தே கம்பியைத் தின்னும்; கறள் பருத்துச் சீமெந்தை வெடிப்பித்துத் தள்ளும். கட்டிப் பதினைந்தாண்டும் நிறையாத வகுப்பறையொன்றின் மேற்தட்டு உதிர்ந்து ஒரு விடுமுறை நாளில் விழுந்துகிடக்கக் கண்டேன். விடுமுறையானது தெய்வச்செயல். உருக்குச் சட்டகத்தின் கறள் கண்ணுக்குத் தெரியும். சுரண்டிப் பூச்சுப் பூசலாம். கொங்கிறீற்றுள் ஒளிந்த கறளோ விழும்போதே தன்னைக் காட்டும்.

இரண்டாவது பகை தீ. உருக்கு எரிவதில்லை, ஆயினும் 550 முதல் 600 பாகை செல்சியசு வரை சூடேறுமிடத்துத் தன் வலிமையிற் பாதியை இழக்கின்றது. தீச்சோதனைகளிற் கைக்கொள்ளும் நியமத்தின்படி அரைமணி நேரத்தில் வெப்பம் 800 பாகையைக் கடக்கும். ஆகவே மாடிக் கட்டடமாயின் உருக்குக்குக் கொங்கிறீற்றோ, சாந்தோ, தீத்தாங்கும் பூச்சோ கவசமாதல் வேண்டும். உள்வெளிகளை அடைத்தலும் வேண்டும். 1974இல் நொட்டிங்காம்சயரில் முன்கூறிய சட்டக முறையிற் கட்டிய முதியோர் இல்லமொன்றில், கூரைக்கும் உட்கூரைக்கும் இடைப்பட்ட வெளியிலே தீ பரந்தமையாற் பதினெண்மர் மாண்டனர். எனினும், கூரையே எரிபொருளாதல் இதனினும் பெருங்கேடு. கும்பகோணத்தில் 2004 யூலை 16ஆம் நாள் பாடசாலையொன்றின் ஓலைக்கூரை பற்றியெரிந்து 94 பிள்ளைகள் மாண்டதைத் தமிழுலகம் மறக்கவில்லை. எரியாக் கூரையும், இருபுறமும் திறக்கும் அகன்ற வாயில்களும் எவ்வகைக் கட்டடத்திற்கும் இன்றியமையாதன.

மூன்றாவது பகை வெப்பம். நூறடி நீள உருக்கு, 20 பாகை சூடேறினால் ஏழு மில்லிமீற்றர் நீளும். அதற்கு இடம்விடாது கண்ணாடியையும் சுவரையும் இறுகப் பிணைத்தல் தவறு. தகடுவேய்ந்த அறையிற் பங்குனி வெயிலில் பிள்ளைகள் படும்பாடும், மாரிமழை பெய்யும்போது ஆசிரியரின் குரல் அமிழ்ந்துபோவதும் நாம் அறிந்தவை. ஆனால் இது தகட்டின் குற்றம், சட்டகத்தின் குற்றமன்று. உருக்குச் சட்டகத்தின்மேல் ஓடும் வேயலாம். முகட்டில் வெப்பக்காற்று வெளியேற வழிவைக்கலாம். இருபுறமும் விறாந்தை இறக்கலாம்.

நான்காவது காற்று. 1964 டிசெம்பரில் வடபகுதியையும் தனுஷ்கோடியையும் தாக்கிய சூறாவளியும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியும் கூரைகளைப் பறித்தெறிந்தன. மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 125 கிலோகிராம் விசையைத் தரும். கூரையின் நிறை, ஓடாயினும் தகடாயினும், இதனிற் குறைந்ததே. எனவே, கூரைத்தகட்டின் ஆணி தொடக்கம் சிலாகை, வளை, தூண், அத்திவார மரையாணி ஈறாக ஒரு சங்கிலிபோல் யாவும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்தல் வேண்டும். சங்கிலியின் ஒரு கண்ணி தளர்ந்தாலும் முழுவதும் வீண். உருக்குச் சட்டகத்தில் இவ்விணைப்பைக் கணக்கிட்டுச் செய்தல் எளிது. அதனைப் பின்னர் கண்ணாற் பார்த்துச் சோதித்தலும் எளிது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கின் ஒரு முடிவு தோன்றும். கடற்கரையை அடுத்த பாடசாலைக்கும், பல மாடிகள் வேண்டிய இடத்திற்கும் நன்மணலும் நற்கண்காணிப்பும் கொண்டு கட்டும் கொங்கிறீற்றே ஏற்றதாகலாம். உரும்பிராய் போன்ற உள்ளூர்களில், ஒரு மாடி வகுப்பறைகளுக்கும் பெருமண்டபங்களுக்கும் பட்டறைகளுக்கும் உருக்குச் சட்டகம் பொருத்தமுடையது. என்பு உருக்காகுக, தசை நம்மூர்க் கல்லாகுக, போர்வை ஓடாகுக. புதியதும் பழையதும் அங்ஙனம் ஒன்றையொன்று தாங்கிநிற்கும்.

ஆயின் ஒன்று கூறாது விடலாகாது. கட்டடநிதிக்கு நாம் மனமுவந்து கொடுக்கிறோம், கல்லிலே பெயர் பொறிக்கிறோம், நாடா வெட்டுகிறோம். பூச்சுக்குக் கொடுப்பார் யார்? ஒரு வாளி நாகப்பூச்சிலே எவரும் தம் பெயரைப் பொறிக்க இயலாது. உருக்குச் சட்டகமோ பேணுவோருக்கே நெடுநாள் உழைக்கும். ஆதலின், கட்டடநிதியின் பத்திலொரு பங்கைப் பராமரிப்புக்கென வைப்பிலிட்டு அதன் வட்டியை மட்டும் செலவுசெய்க. சட்டகத்தின் வரைபடத்தையும், மரையாணிகளின் பட்டியலையும், பூச்சுப் பூசிய திகதிகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி அதிபரின் அறையில் வைக்க. ஆண்டுதோறும் மாரிக்கு முன்னர் உயர்வகுப்பு மாணவர் ஆசிரியரோடு தூண்தூணாகச் சென்று பார்த்து அக்குறிப்பேட்டை நிரப்புக. பௌதிகமும் இரசாயனமும் நூலிலிருந்து இறங்கி அவர்கள் கைக்கு வரும். கறள் என்பது வினாத்தாளில் வரும் சொல்லாக மாத்திரம் நில்லாது.

நமக்கு நிழல் தந்த கூரைகளை நாம் கட்டினோமல்லோம்; நமக்கு முன்னோர் கட்டினர். நாம் கட்டும் கூரையின்கீழ் இனிப் பிறக்கும் பிள்ளைகள் படிப்பர். அவர்களுக்கு நாம் விட்டுச்செல்வது திறப்புவிழாவன்று. காற்றடிக்கும் ஓர் இரவில் அசையாது நின்று, மறுநாட் காலையில் மணியடிக்கும்போது கதவு திறக்கும் கட்டடமே அவர்களுக்கு வேண்டுவது. அதனைக் கொடுக்கும் வகையறிந்து கொடுப்போமாக.